மகளுக்கு ஒரு கணிப்பொறி

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்றார்கள் நம் பெரியவர்கள். அவர்கள் இன்று இருந்திருந்தால், "மகளுக்குக் கணிப்பொறி வாங்கிப் பார்" என்பதையும் அதோடு சேர்த்திருப்பார்கள். பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகிக் கல்லூரியில் இடமும் கிடைத்த மறுவாரமே வீடுதோறும் இந்தப் பேச்சு எழுந்துவிடுகிறது. எந்தக் கம்பெனி நல்லது? என்ன விலை? தவணையில் தருவார்களா? அண்டை வீட்டுப் பையன் ஒன்று சொல்கிறான்; மாமா ஒன்று சொல்கிறார்; கடைக்காரர் வேறொன்று சொல்கிறார். படிக்கப் போகிற பெண்ணை மட்டும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

நம் பள்ளியில் படித்து, இன்று ஒரு கல்லூரியில் வணிகவியல் கற்பித்து வருபவள் நான். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் வந்துவிட்டால் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது இந்த ஒரே கேள்வியைத்தான். பலருக்கும் வாய்மொழியாகச் சொல்லி வந்ததை, என் அன்புத் தங்கைகளும் அவர்களுடைய பெற்றோரும் படிக்கும் இந்த ஆண்டு மலரில் எழுதிவைப்பது நலம் என்று தோன்றியது. இது என் சொந்த அபிப்பிராயம். ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் விருப்பம்.

நாம் வாழும் ஊரைச் சற்று எண்ணிப் பாருங்கள். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள் கோயில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடம் நம் ஒரகடம். ஷிப்டு மாறும் வேளையில் இந்தச் சந்திப்பில் நின்றால், கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைக் காணலாம். அவற்றில் பாதி முகங்கள் பெண்களின் முகங்கள். 2006-ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பரில் நிறுத்தியது வரை, அங்கே கைபேசி செய்தவர்களில் நம் பகுதிப் பெண்கள் எத்தனையோ பேர். 2007-இல் டெல் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் கணிப்பொறி தயாரிக்கத் தொடங்கியது. 2021-இல் எச்.பி. நிறுவனம் அங்குள்ள பிளெக்ஸ் தொழிற்சாலையில் தன் மடிக்கணினிகளைச் செய்விப்பதாக அறிவித்தது. 2025-இல் டிக்ஸன் குழுமத்தைச் சேர்ந்த பேட்ஜெட் நிறுவனம் நம் ஒரகடத்திலேயே தொழிற்சாலை நடத்தத் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது.

உலகத்துக்குக் கருவிகள் செய்து அனுப்பும் கைகள் நம் தாய்மார்களின் கைகள். ஆனால் தன் மகளுக்கு ஒன்று வாங்கவேண்டும் என்று வரும்போது, அதே தாய் கடை வாசலில் தயங்கி நிற்கிறாள். திருகாணி முடுக்கவும், பலகையில் குறை கண்டுபிடிக்கவும் தெரிந்தவளுக்கு, எதைக் கேட்டு வாங்கவேண்டும் என்பதை யாரும் சொல்லித் தந்ததில்லை. செய்கிற கை நம்முடையதாக இருக்கையில், தேர்ந்தெடுக்கிற கண் மட்டும் ஏன் கடைக்காரருடையதாக இருக்கவேண்டும்?

எனக்குத் தெரிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். என்னிடம் பி.காம். முதலாண்டு படித்த மாணவி ஒருத்தியின் தந்தை, நல்ல மனிதர், இந்தப் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. மகளுக்குக் குறையொன்றும் வைக்கக்கூடாது என்று எண்ணி எண்பத்தையாயிரம் ரூபாய்க்கு ஒரு மடிக்கணினியைத் தவணை முறையில் வாங்கினார். கடைக்காரர் சிபாரிசு செய்ததும், அவருடைய மகன் ஆசைப்பட்டதும் அதைத்தான். விளையாட்டுப் பிரியர்களுக்காகச் செய்யப்பட்ட இயந்திரம். எடையோ இரண்டரைக் கிலோ. மின்சாரம் இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் அணைந்துவிடும். அந்தப் பெண் அதைக் கல்லூரிக்குக் கொண்டுவந்ததே இல்லை. வீட்டில் அண்ணன் அதில் விளையாடிக்கொண்டிருந்தான். அவள் தன் கட்டுரையைக் கைபேசியில் கட்டைவிரலால் தட்டித் தட்டி எழுதிக்கொண்டு வந்தாள். இரண்டாம் பருவக் கட்டணம் கட்டும் நாள் வந்தபோது தவணைப் பணம் குறுக்கே நின்றது. கட்டணத்துக்கு அவகாசம் கேட்டு என் மேசை முன்னால் தலைகுனிந்து நின்ற அந்தப் பெண்ணை நான் மறக்கவில்லை.

அந்தத் தந்தைக்கு அன்பு குறைவா? இல்லவே இல்லை. கேட்கவேண்டிய இரண்டு கேள்விகளை அவர் கேட்காமல் விட்டுவிட்டார். முதல் கேள்வி: என் மகள் என்ன படிக்கப் போகிறாள்? இரண்டாவது கேள்வி: இதை யார் உபயோகிக்கப் போகிறார்கள்? இந்த இரண்டுக்கும் நேர்மையான விடை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது என் உறுதியான கருத்து.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். பி.காம்., பி.ஏ., நர்சிங், ஆசிரியப் பயிற்சி போன்ற படிப்புகளுக்குக் கட்டுரை எழுதுவதும், கணக்குத் தாள் போடுவதும், பாடங்களைத் தேடிப் படிப்பதுமே பெரும்பாலான வேலை. டேலி போன்ற கணக்கு மென்பொருளும் பெரிய இயந்திரம் எதையும் கேட்பதில்லை. பி.எஸ்ஸி. கணினி அறிவியல் படிப்பவளும் முதலாண்டில் சி, பைத்தான் முதலிய நிரல்மொழிகளைத்தான் எழுதிப் பழகுவாள். அதற்கும் நடுத்தர விலை இயந்திரம் போதும். ஆனால் கட்டடக்கலை, இயந்திரப் பொறியியல், விஷுவல் கம்யூனிகேஷன் ஆகியவற்றின் கதை வேறு. படம் வரைவதற்கும், வீடியோ தொகுப்பதற்கும் கூடுதல் வலிமை தேவை. சிலவற்றுக்குத் தனிக் கிராபிக்ஸ் கார்டும் வேண்டியிருக்கும். சாலிட்வொர்க்ஸ், ரெவிட் போன்ற மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே இயங்குமாறு செய்யப்பட்டவை. பெருமைக்காக ஆப்பிள் மேக் வாங்கிக் கொடுத்துவிட்டு, பிறகு அந்தப் பாடத்துக்கு வேறொன்றைத் தேடி அலைவது யாருக்கு லாபம்? குரோம்புக் எனப்படும் மலிவான வகையும் அப்படித்தான். இணையத்தில் படிக்கவும் எழுதவும் அது நன்று. டேலி படிக்கிறவளுக்கு அது கைகொடுக்காது.

ஆகவே அவசரப்படாதீர்கள். கல்லூரி திறந்து இரண்டு, மூன்று வாரம் போகட்டும். துறைத் தலைவரிடமோ, அதே படிப்பில் இரண்டாமாண்டு படிக்கும் அக்காமார்களிடமோ, "எந்தெந்த மென்பொருள் வேண்டியிருக்கும்?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருந்துக் கடைக்குச் சீட்டுடன் போவதுபோல் கணிப்பொறிக் கடைக்கு அந்தத் தாளுடன் போங்கள்.

இனி, இயந்திரத்துக்குள் இருப்பதைப் பற்றிச் சில வார்த்தைகள். கடையில் சொல்லப்படும் எண்களைக் கேட்டு மலைக்கவேண்டாம். நம் சமையலறையை நினைத்துக்கொண்டால் எல்லாம் விளங்கிவிடும். ரேம் என்பது சமையல் மேடை. மேடை அகலமாக இருந்தால் காய் நறுக்குவதையும், மாவு பிசைவதையும், குழம்பு கூட்டுவதையும் ஒரே சமயத்தில் செய்யலாம். எஸ்.எஸ்.டி. என்பது சாமான் வைக்கும் அலமாரி. வேலை முடிந்ததும் பொருள்கள் போய்ச் சேரும் இடம் அது. பிராசசர் என்பது சமைக்கும் ஆள். எவ்வளவு கெட்டிக்கார ஆளாக இருந்தாலும் மேடை ஒரு சாண் அகலமே இருந்தால் என்ன செய்ய முடியும்?

என் சிபாரிசு இதுதான். ரேம் 8 ஜி.பி.க்குக் குறையவே கூடாது. கணினி அறிவியலும் பொறியியலும் படிப்பவர்களுக்கு 16 ஜி.பி. நல்லது. அலமாரி எஸ்.எஸ்.டி.யாகவே இருக்கவேண்டும். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் மட்டுமே உள்ள இயந்திரம் வேண்டாம். திறப்பதற்குள் வகுப்பே முடிந்துவிடும். எஸ்.எஸ்.டி. 256 ஜி.பி. இருந்தால் சமாளிக்கலாம், 512 இருந்தால் நிம்மதி. 2025-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவை பெருகியதால் உலகெங்கும் நினைவகச் சில்லுகளின் விலை ஏறியது. அதைக் காரணம் காட்டி 4 ஜி.பி. இயந்திரத்தை மலிவென்று தலையில் கட்டப் பார்ப்பார்கள், ஏமாறாதீர்கள். "பின்னாளில் ரேமைக் கூட்டிக்கொள்ள இதில் இடம் இருக்கிறதா, அல்லது பலகையோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்களா?" என்று கட்டாயம் கேளுங்கள். இடம் இருந்தால் இன்று 8 வாங்கி, கையில் பணம் வரும்போது கூட்டிக்கொள்ளலாம்.

விளம்பரத்தில் பெரிதாகப் போடாத சங்கதிகளும் உண்டு. நம் பெண்கள் ஒரகடத்திலிருந்து தாம்பரத்துக்கும், செங்கற்பட்டுக்கும், காஞ்சிபுரத்துக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வருகிறவர்கள். தோளில் தொங்கும் பையில் புத்தகமும், சாப்பாட்டு டப்பாவும், தண்ணீர்ப் பாட்டிலும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே ஒன்றரைக் கிலோவை ஒட்டிய எடையும் 14 அங்குலத் திரையும் போதும். கடையிலேயே ஒரு பக்கம் தட்டச்சு செய்து பாருங்கள். மூன்றாண்டுகள் அந்தப் பெண்ணின் விரல்கள் பழகப்போவது அந்தப் பொத்தான்களோடுதான். அருகில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது, கியாரண்டி எத்தனை ஆண்டு என்பவற்றை விலை பேசுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதியது வாங்க வசதியில்லையே என்று வருந்தும் பெற்றோருக்கும் வழி உண்டு. அலுவலகங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் உபயோகித்துக் கழித்த மடிக்கணினிகள், பழுது நீக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. சென்னை ரிச்சி தெருவைப் பற்றிக் கேள்விப்படாதவர் யார்? இவற்றில் உறுதியானவை பல உண்டு. ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. ஆகையால் விண்டோஸ் 11-ஐ ஏற்கும் இயந்திரமாகப் பார்த்து வாங்கவேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாதது. பாட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கடையிலேயே ஓடவிட்டுப் பாருங்கள். எழுத்து மூலமான கியாரண்டியும் ரசீதும் இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

மென்பொருள் விஷயத்தில் என் தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். "எல்லாம் போட்டுத் தருகிறேன், ஐந்நூறு ரூபாய் கொடுங்கள்" என்று திருட்டு நகல்களை ஏற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். பிறர் உழைப்பைத் திருடுவது தவறு என்பதை நம் பள்ளியில் படித்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த நகல்களோடு வைரசும் வந்து சேரும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். திருட வேண்டிய அவசியமும் இல்லை. எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஆபீஸ் இலவசமாகவே கிடைக்கிறது. ஆட்டோகேட் முதலியவற்றை ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு இலவசமாகவே தருகிறது. டேலியிலும் கற்போருக்கென்று இலவச முறை ஒன்று உண்டு. அப்படியே, 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையையும் ஒரு வாரம் உட்கார்ந்து பழகிக்கொள்ளுங்கள். தாய்மொழியில் தடையின்றித் தட்டச்சு செய்யத் தெரிந்த பட்டதாரிப் பெண்ணுக்கு அதுவும் ஒரு கைத்தொழில்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதுவே என் மனத்தை அதிகம் உறுத்துவது. இதை யார் உபயோகிக்கப் போகிறார்கள்?

2020-இல் கொரோனா நோயினால் பள்ளிகள் மூடப்பட்ட நாள்களை நாம் மறந்துவிடவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு கைபேசி. பிள்ளைகள் இரண்டு பேர். வகுப்பு நேரத்தில் அது யார் கையில் இருந்தது? அண்ணனுக்கும் தம்பிக்கும் வகுப்பு முடிந்த பின்னர்தானே பல வீடுகளில் பெண்ணின் முறை வந்தது? அதற்கு முன்பும் பார்த்திருக்கிறோம். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, என் உறவுக்காரப் பெண்ணொருத்திக்கும் ஒன்று கிடைத்தது. ஆறே மாதத்தில் அது அவளுடைய சித்தப்பா கடையில் சினிமாப் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் பெட்டியாகிவிட்டது. அரசு அவளுக்குத் தந்தது; வீடு அவளிடமிருந்து வாங்கிக்கொண்டது.

2025-ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தரப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. 2026 ஜனவரியில் 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் வழங்கும் பணியும் தொடங்கியது. கடைக்குப் போகுமுன், உங்கள் மகள் சேர்ந்த கல்லூரிக்கும் ஆண்டுக்கும் அத்திட்டம் உண்டா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிடைக்குமானால் வீட்டுப் பணம் புத்தகத்துக்கும் விடுதிக்கும் ஆகும். ஆனால் அரசு தந்தாலும், நாமே வாங்கினாலும், அது அவளிடம் தங்கவேண்டும் என்பதே என் வாதம்.

மறுத்துச் சொல்பவர்கள் உண்டு. "கைபேசி இருக்கிறதே, போதாதா?" என்பார்கள். பாடத்தைக் கேட்கக் கைபேசி போதும். இருபது பக்கக் கட்டுரையை எழுதித் திருத்தவும், நிரல் எழுதிப் பழகவும் அது போதாது. "கல்லூரியில் ஆய்வுக்கூடம் இருக்கிறதே" என்பார்கள். உண்மைதான். ஆனால் நான்கரை மணிக்குக் கூடம் பூட்டப்படும். ஐந்து மணிக்கு பஸ் புறப்படும். பையன்களைப் போல் இரவு ஒன்பது மணி வரை கடையில் உட்கார்ந்து வேலை செய்ய நம் பெண்களை நாம் அனுப்புவதில்லை. அனுப்பாத நாமே வீட்டிலும் தராவிட்டால் அவள் எங்கே போய்ப் படிப்பாள்? "பெண் பிள்ளையிடம் தனியாகக் கொடுத்தால் கெட்டுப்போவாளே" என்பது மூன்றாவது பேச்சு. அந்த அச்சத்தை நான் கேலி செய்யமாட்டேன். தாயின் வயிற்றில் எரியும் நெருப்பு அது. ஆயினும் கெட்டுப்போகும் வழிகள் எல்லாம் அவள் கையிலுள்ள கைபேசியில் ஏற்கெனவே இருக்கின்றன. கூடத்தில் ஒரு மேசை போட்டு, "இது உன்னுடையது, இங்கே உட்கார்ந்து படி" என்று சொல்லிப் பாருங்கள். நம்பிக் கொடுத்த பொருளைப் பெண்கள் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பதை நான் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன்.

ஆகவே பெற்றோர்களே, ரசீதை மகளின் பெயரில் போடச் சொல்லுங்கள். கடவுச்சொல்லை அவளே வைக்கட்டும். அண்ணன் தம்பிக்குத் தேவையென்றால் அவளிடம் கேட்டு வாங்கட்டும். அவளுடைய வேலை முடிந்த பிறகு வாங்கட்டும். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். வீட்டில் தனக்கென்று ஒரு பொருள் உண்டு, தன் படிப்புக்கு மதிப்பு உண்டு என்பதை ஒரு பெண் அன்றுதான் உணர்கிறாள்.

தங்கைகளே, உங்களுக்கும் கடமை உண்டு. தோழி வைத்திருப்பதைப் போலவே வேண்டும் என்று பெற்றோரை நச்சரிக்காதீர்கள். அப்பாவின் ஓவர்டைம் எத்தனை மணி நேரம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். எழுதியவற்றை வாரம் ஒருமுறை வேறோர் இடத்திலும் நகலெடுத்து வையுங்கள்; தேர்வுக்கு முந்தைய இரவில் அழவேண்டிய தேவை வராது. நெடுஞ்சாலைப் புழுதியிலிருந்தும் மழையிலிருந்தும் அதைக் காப்பாற்றுங்கள். நீங்கள் கற்றதை வீட்டிலுள்ள அம்மாவுக்கும் கொஞ்சம் கற்றுக்கொடுங்கள்.

தலைகுனிந்து நின்ற அந்தப் பி.காம். மாணவியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அவளுடைய தந்தை பிறகு அந்த விளையாட்டு இயந்திரத்தை விற்றுத் தவணையை அடைத்தார். மிஞ்சிய சிறு தொகையில், அலுவலகத்தில் ஓடிய பழைய மடிக்கணினி ஒன்றை அவளே கடையில் உட்கார்ந்து சோதித்து வாங்கினாள். கறுப்பு நிறம், மூலையில் ஒரு கீறல். அதை வைத்துக்கொண்டுதான் அவள் பி.காம். முடித்தாள். இன்று இதே நெடுஞ்சாலையில் உள்ள ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். சென்ற தீபாவளிக்கு என்னைப் பார்க்க வந்தபோது, "மிஸ், அந்தக் கீறல் விழுந்த பெட்டி இப்போது அம்மாவிடம் இருக்கிறது. அம்மா அதில் தமிழில் தட்டச்சு பழகுகிறார்கள்" என்றாள்.

அந்தத் தாய் பல ஆண்டுகள் தொழிற்சாலையில் வரிசையில் நின்று, பிறர் வீடுகளுக்காகக் கருவிகள் பூட்டியவர். இப்போது தமக்காக ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.